நாலடி ஆழத்தில் ஒரு மீன்

எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள் ஐந்து வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். அதில் கடைசி இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் வெந்த சோற்றை, ஒரே சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே பேசாமல் இருந்தார்கள். ஒருவர் என் அப்பா. இன்னொருவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா.

எங்களுக்கு வீடு போடியில். ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லை தாண்டி. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு ஆவணி மாதத்தில், ‘கொச்சிக்குப் போறேன், தேட வேண்டாம்’ என்று ஒரு துண்டுச் சீட்டைக் காய் உலர்த்துகிற ஸ்டோரின் கதவில் செருகிவிட்டுச் சித்தப்பா போய்விட்டார். அந்த வருஷ எடுப்பு முழுவதையும் அப்பா ஒற்றை ஆளாகப் பார்த்தார். மூன்று வருஷம் கழித்துச் சித்தப்பா ஒரே ஒரு நீலப் பையோடு போடிமெட்டு பஸ்சில் வந்து இறங்கினார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே திரும்பி, “இன்னொரு ஆளுக்குச் சேத்து ஒல வையி” என்று அம்மாவிடம் சொன்னார். வரவேற்பு அவ்வளவுதான். அதற்குப் பிறகு தம்பியிடம் ஒரு வார்த்தை இல்லை.

பேசாமல் இருக்கலாம். தோட்டத்துச் சோலியைப் பேசாமல் பார்க்க முடியுமா? அதனால் நடுவில் நான் நின்றேன். அப்போது மூன்றாம் வகுப்பு; நாலாம் வகுப்பு முடிகிறவரை அதே வேலை.

“ஆத்தா, உங்க சித்தப்பன்கிட்டச் சொல்லு, மோட்டாருக்கு டீசல் இல்லைன்னு.”

சித்தப்பா மூன்றடி தள்ளி நின்று இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். இருந்தாலும் நான் திரும்பி, “சித்தப்பா, மோட்டாருக்கு டீசல் இல்லையாம்” என்று சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும்.

“ஏத்தா, உங்கப்பாகிட்டச் சொல்லு, நேத்தே ஊத்தியாச்சுன்னு.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு இரண்டு பேருடைய வாயும் சேர்த்து இருந்தது. நான் பள்ளிக்கூடம் போயிருந்த நாட்களில் அவர்கள் தோட்டத்து நாயைப் பார்த்துப் பேசிக்கொண்டதாக ஜீப்பு ஓட்டுகிற அண்ணன் சத்தியம் செய்தார். “டேய், அந்த ஓஸை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுடா” என்று அப்பா நாயிடம் சொல்வாராம். நாய் வாலை ஆட்டுமாம். சித்தப்பா ஓஸோடு வருவாராம். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். என் வேலையை ஒரு நாய் அவ்வளவு சுலபமாகச் செய்திருக்கிறதே.

இப்போது குளத்துக்கு வருகிறேன். ஏலத்துக்குக் கோடையில் தண்ணீர் காட்டாவிட்டால் செடி சுருண்டுவிடும். அதற்காக மேட்டில் பெரிய குழி தோண்டி, அடியில் கெட்டியான பிளாஸ்டிக் படுதா விரித்து, மழைத் தண்ணீரைச் சேர்த்து வைப்போம். படுதாக் குளம் என்று பெயர். கொச்சியில் மீன்பிடிப் படகுகளுக்கு மெஷின் பொருத்துகிற பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு, அவ்வளவு தண்ணீரைச் சும்மா வைத்திருக்க மனது வரவில்லை. வந்த மறுவருஷமே கட்லா மீன் குஞ்சுகளை வாங்கிவந்து குளத்தில் விட்டார். இலை தழையை அள்ளவும் தீவனம் போடவும் யாரோ கழித்துப்போட்ட சின்ன ஃபைபர் படகு ஒன்றை ஜீப்பின் தலையில் கட்டி ஏற்றிவந்தார். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டிய படகு அது.

மீன் விட்ட வருஷம் ஆடி மழையில் குளம் நிறைந்து வழிந்தது. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. அதன்பின் ஒரு மீன்கூட வெளியே தலைகாட்டவில்லை. அடுத்த கோடை வந்தது. முழுப்பரீட்சை லீவுக்கு நாங்கள் எல்லாரும் மலைமேல் இருந்தோம். செடிக்குத் தண்ணீர் இறைத்து இறைத்துக் குளம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. கடைசி ஆறடித் தண்ணீரைத் தொடக் கூடாது, மீன் செத்துவிடும் என்று சித்தப்பா. மீனாவது ஒன்றாவது என்று அப்பா. எல்லாம் என் வழியாகத்தான்.

“ஆத்தா, உங்க சித்தப்பன்கிட்டச் சொல்லு, அவன் விட்ட மீனெல்லாம் ஆடி மழைக்கே பெரியாத்துக்குப் போயி, பேரன் பேத்தி எடுத்திருக்கும்னு.”

“ஏத்தா, உங்கப்பாகிட்டச் சொல்லு, உள்ளதான் கெடக்குன்னு.”

“கண்டானான்னு கேளு.”

வலை வீசிப் பார்க்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். மீன் விட்ட வருஷமே வீசிப் பார்த்தார்கள். வலையின் ஈயக்குண்டு படுதாவைக் கிழித்து, அதை ஒட்டவைப்பதற்குள் உயிர் போய்விட்டது. அதிலிருந்து எங்கள் குளத்தில் வலைக்கும் தூண்டிலுக்கும் தடை. கடைசியில் ஒரு திங்கட்கிழமை அப்பா எனக்கு நீளமான செய்தி ஒன்று கொடுத்தார். நான் அதை விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தேன்: வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள் மீன் இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டினால் ஆறடித் தண்ணீர் மீனுக்கு. காட்டாவிட்டால் திங்கட்கிழமை மோட்டாரைப் போட்டு அடி வரைக்கும் இறைத்துவிடுவது. “அப்புறம் இங்க மீன் சோலி கெடையாதாம். நீங்க கொச்சிக்கே போறதுன்னாலும் போகலாமாம் சித்தப்பா.”

கடைசி வரியைச் சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பா இல்லாத எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சிரிப்பதற்கு ஒரு ஆள் இருக்காது.

சித்தப்பா அழவில்லை. கொச்சியில் இருந்த ஒரு கூட்டாளிக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை காலை பஸ் பார்சலில் ஒரு அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே பழைய துணியில் சுற்றிய சின்ன டிவி மாதிரி ஒன்று. அதிலிருந்து நீளமான வயர். வயரின் நுனியில் கறுப்பாக, சோப்புக்கட்டி அளவில் ஒன்று.

“இதுதான் மீன் காட்டுற மெஷினு. இந்தக் கட்டி தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு ஒரு சத்தம் கொடுக்கும். கெணத்துக்குள்ள ‘ஓய்’னு கத்துனா ‘ஓய்’னு திரும்பி வருதுல்ல? அதே சோலிதான். நடுவுல மீன் இருந்தா அதுல முட்டித் திரும்பி வரும். இந்தப் பொட்டி அதைப் படமாக் காட்டும்.”

“எனக்கு அந்தச் சத்தம் கேக்குமா?”

“மீனுக்கே கேக்காது, உனக்கு எங்குட்டுக் கேக்கும்? அந்தக் கிளாம்பைக் கொண்டா.”

அந்தக் கட்டியைப் படகில் பொருத்தியது ஒரு நாள் வேலை. படகில் ஓட்டை போடச் சித்தப்பா சம்மதிக்கவில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓட்டை போடுகிறவன் தன் காலுக்கடியில் தானே குழி தோண்டுகிறவன் என்றார். நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரத்தில் அறுத்த பலகைத் துண்டு ஒன்று ஸ்டோரில் கிடந்தது. அதைப் படகின் பின்பக்கச் சுவரில் நிறுத்தி, தச்சர் வைத்திருப்பது போன்ற இரண்டு கிளாம்புகளால் இறுக்கினார். பலகையின் கீழ்நுனியில் தகடு வைத்துக் கட்டியைப் போல்ட்டு போட்டு முடுக்கினார். படகின் அடிமட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே அது நிற்க வேண்டுமாம். மேலே இருந்தால் காற்றுக் குமிழி வந்து கண்ணை மறைக்கும். ரொம்பக் கீழே போனால் பாசி பிடித்து இழுக்கும். அதன் முகம் நேராகக் கீழே பார்க்க வேண்டும்.

கரையில் வைத்து ரசமட்டம் பார்த்தபோது சரியாக இருந்தது. தண்ணீரில் இறக்கியதும் கோணியது. ஆள் ஏறினால் படகின் பின்பக்கம் அமுங்குகிறது என்று கண்டுபிடித்து, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்ததில் ஒரு மாற்றமும் இல்லை.

“உங்கப்பா எடைக்கு ஏதாவது வேணுமே” என்று யோசித்து, ஒரு உர மூட்டையைத் தூக்கிவந்து வைத்தார். போதவில்லை. இன்னொரு அரை மூட்டை. “இப்ப சரி. இதுதான் உங்கப்பா” என்று மூட்டையைத் தட்டிவிட்டு, அந்த எடைக்குத் தக்கபடி கட்டியின் சாய்வைச் சரிசெய்தார். நான் ஒன்றரை மூட்டை அப்பாவுக்கு வணக்கம் வைத்தேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா எங்கே உட்கார வேண்டும் என்பது அப்படித்தான் முடிவானது. பின்னால், அந்தப் பலகையை ஒட்டி.

மருந்தடிக்கிற பம்பிலிருந்து கழற்றிய பேட்டரியில் வயரை மாட்டினார். திரை நீலமாக எரிந்தது. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து போகிற பெண்கள், கங்காணி, ஜீப்பு அண்ணன் எல்லாரும் கரையில் கூடிவிட்டார்கள். “எந்தா இது, படகுக்குள்ள டிவியா?” என்று ஜீப்பு அண்ணன் கேட்டார். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டி ஓட்டி அவர் பாதி மலையாளம் ஆகியிருந்தார்.

குளம் முழுக்கத் துழாவினோம். ‘13’ என்று அடிக்கணக்கில் ஆழம் காட்டியது. அடித்தரை ஒரு பட்டைக் கோடாக ஓடியது. அதற்கு மேலே வெறும் நீலம். ஒரு மீனும் இல்லை. மூன்று சுற்று வந்தோம். கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சித்தப்பா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். “அடியில சேத்தோட சேந்து படுத்திருந்தா தெரியாது” என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். சாயங்காலம் நான் அவருடைய அறைக்குப் போனபோது அந்த நீலப் பை பரணிலிருந்து கீழே இறங்கியிருந்தது.

இங்கேதான் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அம்மாவின் கட்சி. எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அதற்கு ஒரு எலுமிச்சம்பழமும் ஒற்றைப்படையில் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டாமல் அம்மா விட்டதில்லை. ஜீப்பு, மோட்டார், எடை மெஷின், மிக்ஸி எல்லாவற்றுக்கும் உண்டு. மிக்ஸிக்குக் கட்டியதை அடுத்த நாள் அம்மாவே மறந்துபோய் அவிழ்த்துச் சட்னிக்கு அரைத்தது தனிக் கதை. மீன் மெஷினுக்கு மட்டும் ஒன்றும் கட்டவில்லை. சித்தப்பாவுக்கு இதிலெல்லாம் கேலி என்பதால் அம்மாவை அந்தப் பக்கம் விடவில்லை. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. தோட்டத்து ஜனம் அத்தனையும் கரையில் நின்று வாயைப் பிளந்து பார்த்த மெஷின், திருஷ்டி படாமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தப்பா குளிக்கப் போன நேரம், அடுக்களையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் எடுத்தேன். ஸ்டோரில் கோணி ஊசியும் சாக்குத் தைக்கிற சணலும் இருந்தன. கோத்தேன். சணலை அறுக்கக் கத்தி இல்லை. பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று நீளமாகவே விட்டுவிட்டேன். படகுக்குப் பின்னால் முழங்கால் தண்ணீரில் நின்று, கட்டியைத் தாங்குகிற தகட்டிலேயே அதைக் கட்டினேன். எலுமிச்சம்பழம் மிதந்தது. பச்சைத் தண்ணீரில் மஞ்சளாக, இதோ பார் என்று ஆடியது. சித்தப்பா பார்த்தால் பிய்த்து எறிந்துவிடுவார். அவருடைய பெட்டியில் மீந்து கிடந்த பெரிய இரும்பு நட்டு ஒன்றை எடுத்துப் பழத்துக்குக் கீழே சேர்த்துக் கட்டினேன். இரும்பும் திருஷ்டிக்கு நல்லதுதான். பழமும் மிளகாயும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தன. கைகால் கழுவிக்கொண்டு நல்ல பிள்ளையாக இட்லி சாப்பிடப் போனேன்.

பத்து மணிக்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்கு வந்தார். விஷயம் பரவியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை லீவிலும் பாதித் தோட்டம் கரையில் நின்றது.

“ஆத்தா, இது கவுந்துராதான்னு கேளு.”

“ஏத்தா, உங்கப்பாவைப் பின்னால உக்காரச் சொல்லு. முன்னால உக்காந்தாத்தான் கவுந்துரும்.”

அப்பா பின்னால் உட்கார்ந்தார். நடுவில் சித்தப்பா, கையில் துடுப்போடு. அவருக்கு முன்னால் கவிழ்த்த வாளிமேல் திரை. படகின் மூக்கில் நான், அவர்கள் பக்கம் திரும்பி, திரையை எட்டிப் பார்த்தபடி. குளத்தின் நடுவுக்குப் போகும் வரை நீலம்தான். அங்கே போய்த் துடுப்பை நிறுத்தினார். படகு நின்றது.

‘பீப்’ என்றது மெஷின்.

திரையில் ஒரு மீன். நிஜமாகவே மீன் படம், வால் எல்லாம் வைத்து, பக்கத்தில் ‘4’ என்று எண்ணோடு. நாலடி ஆழம். சித்தப்பா அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். நான்தான் கத்தினேன். “மீனு! மீனு! அப்பா, மீனு!” கரையில் குலவை போட்டார்கள். ஜீப்பு அண்ணன் விசிலடித்தார்.

சித்தப்பா மெதுவாகத் துடுப்பு வலித்தார். மீன் இருந்தது. இடதுபக்கம் திருப்பினார். மீனும் வந்தது. நின்றால் நின்றது. வேகமாக வலித்தால் மட்டும் காணாமல்போய், நின்றதும் திரும்பி வந்தது. “பாசக்காரப் பயலா இருக்கான், கூடவே வர்றான்” என்றார் சித்தப்பா.

உங்களுக்கு விஷயம் இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆயிற்று. பத்தாம் வகுப்பில் எதிரொலிப் பாடம் நடத்தியபோது, சத்தம் ‘எதில் முட்டினாலும்’ திரும்பி வரும் என்று டீச்சர் சொன்னார். மீனில் மட்டும் இல்லை, எலுமிச்சம்பழத்தில் முட்டினாலும் வரும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று நாங்கள் துரத்தியதும் எங்களைத் துரத்தியதும் அம்மாவின் அடுக்களைப் பழம்தான். டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். காய்ச்சலா என்று டீச்சர் கேட்டார்.

ஆனால் அன்று படகில் எனக்கு அதெல்லாம் தெரியாது. திருஷ்டி கழிந்தது, மீன் வந்தது, அவ்வளவுதான். பெருமையோடு அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கையைப் படகுக்குப் பின்னால் தண்ணீரில் விட்டிருந்தார். வெயிலுக்குக் கையை நனைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

திடீரென்று மீன் போய்விட்டது. படகு நின்றுகொண்டுதான் இருந்தது. திரை முழுக்க வெறும் நீலம்.

“போயிருச்சு” என்றார் சித்தப்பா. முன்னால் குனிந்து திரையைத் தட்டினார். “ஆத்தா, போயிருச்சு ஆத்தா.” என்னிடம் அவர் அப்படி ஒரு குரலில் பேசிக் கேட்டதே இல்லை. பரணிலிருந்து இறங்கிய நீலப் பை எனக்கு ஞாபகம் வந்தது. கரையும் அமைதியாகிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. எனக்கு அது ஒரு பீரியடு முழுக்க நீண்டது.

‘பீப்.’

அதே மீன். அதே நாலடி.

“டேய்” என்றார் அப்பா.

நாயைக் கூப்பிடுகிறாரோ என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நாய் கரையில் படுத்திருந்தது.

“டேய், எம்புட்டுடா இருக்கும் அது?”

சித்தப்பாவின் கையிலிருந்து துடுப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“அண்ணே... ரெண்டு கிலோ இருக்கும்ணே.”

“ரெண்டா? போடா. மூணுக்குக் கொறையாது.” அப்பா ஏதோ பழம் தின்ற கொட்டையைத் தூக்கிப் போடுகிற மாதிரி அலட்சியமாக அடுத்ததையும் சொன்னார். “கடைசி ஆறடியைத் தொட வேணாம். கெடக்கட்டும். வெரசாத் துடுப்பை எடு, காத்து தள்ளிட்டுப் போகுது.”

நான் யாருக்கும் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வேலை போனது. சந்தோஷமாக இருந்தது.

கரைக்கு வரும் வழியில் அப்பா முகத்து வேர்வையைக் கையால் துடைத்தார். இறங்கும்போது பார்த்தால் அவர் கண் இரண்டும் செக்கச்செவேல் என்று சிவந்து, கண்ணீர் தாரைதாரையாக ஓடுகிறது. “ஆத்தாடி, மொதலாளி அழுவுறாரு” என்றாள் ஒரு அக்கா. அதைக் கேட்டதும் சித்தப்பாவும் அழுதார். சித்தப்பா அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். ஜீப்பு அண்ணன் எதற்கு அழுதார் என்று தெரியவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வீட்டில் அம்மா அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணில் பால் விட்டாள். “தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க” என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். “மருந்து பட்டுருச்சு, வேற ஒண்ணுமில்ல” என்று அப்பா முனகினார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தில் யாரும் மருந்தடிப்பதில்லை. மருந்தடிக்கிற பம்பின் பேட்டரியோ படகில் இருந்தது. அழுததை ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று நானும் அம்மாவும் சிரித்துக்கொண்டோம்.

சாயங்காலம் ஓடிப்போய்ப் படகுக்கடியில் கைவிட்டுப் பார்த்தேன். சணலும் இல்லை, பழமும் இல்லை. தானாக அறுந்து விழுந்தால் திருஷ்டி முழுசாகக் கழிந்துவிட்டது என்று அர்த்தம், அம்மா சொல்லியிருக்கிறாள். நிம்மதியாகத் திரும்பிவந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு பேருடைய குரலும் கேட்டது. எந்தத் தீவனம் நல்லது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், நேருக்கு நேராக. ஐந்து வருஷச் சண்டை பாக்கி இருந்ததல்லவா, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓயவில்லை.

அந்த ஆறடித் தண்ணீரை விட்டதில் மேட்டுப் பாத்திச் செடிகள் கொஞ்சம் வாடத்தான் செய்தன. அப்பா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நல்லவேளை, அந்த வருஷம் கோடை மழை சீக்கிரமே இறங்கியது. மழை வந்ததும் சித்தப்பா புதுக் குஞ்சுகள் விட்டார். அதற்கடுத்த வருஷத்திலிருந்து, கோடையில் தண்ணீர் ஆறடிக்கு இறங்கியதும் ஈயக்குண்டு இல்லாத கைவலையால் அள்ளுவோம்; எங்கள் வீட்டில் மீன் குழம்புக்குப் பஞ்சமில்லை. பழைய மீன் அன்றைக்குக் குளத்தில் ஒன்றாவது இருந்ததா என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஒவ்வொரு தடவை மீன் பிடிக்கும்போதும், “அந்தப் பெரிய பய மட்டும் இன்னும் ஆப்டல” என்பார். வருஷம் ஏற ஏற அதன் எடையும் ஏறியது. இப்போது பன்னிரண்டு கிலோவில் நிற்கிறது. உண்மை தெரிந்த நாளிலிருந்து நான் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். எல்லாரையும் ஏமாற்றியவள் நான் ஒருத்திதான் என்று வெகுநாள் குற்றவுணர்ச்சியோடு இருந்தேன்.

போன மாதம் மதுரையில் வேலைக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டி வாங்கினேன். அம்மா போனிலேயே உத்தரவு போட்டாள். ஒரு எலுமிச்சம்பழம், ஏழு மிளகாய். ஊசி குத்திய இடத்தில் மிளகாய்ச் சாறு விரலெல்லாம் வழிந்தது. கட்டி முடித்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்தபோது விரல் கண்ணில் பட்டுவிட்டது.

ஐயோ, அந்த எரிச்சல்! குழாயடியில் நின்று தண்ணீரை அடித்து அடித்துக் கண்ணைக் கழுவினேன். சிவந்த கண்ணோடு கண்ணாடியைப் பார்த்தேன். அப்பாவின் முகம் அதில் இருந்தது. கைவிட்டுச் சணலைத் தூக்கியிருக்கிறார், மீன் மறைந்திருக்கிறது. தம்பி தவித்த தவிப்பை முதுகுப் பக்கமிருந்து பார்த்திருக்கிறார். பிறகு பழத்தை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறார். அறுந்து விழுந்ததாக நான் நினைத்த சணலை, தம்பி கண்ணில் படுவதற்கு முன் அவிழ்த்துக்கொண்டு போனதும் அவர்தான். பின்னால் அந்தப் பலகையை ஒட்டி, எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மீனைக் கண்டுதான் அப்பா அழுதார் என்று அவள் நம்பினாள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, அன்னிக்குப் படகுல உங்க கண்ணுல என்ன பட்டுச்சு?”

பின்னால் ஏலக்காய் உலர்த்துகிற மெஷின் ஓடுவது கேட்டது.

“அந்த நட்டு என் மேஜை டிராயர்லதான் கெடக்கு ஆத்தா” என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவன்கிட்டச் சொல்லிராத.”

தூரத்தில் சித்தப்பாவின் குரல் கேட்டது. “யாருண்ணே போன்ல?”

“நம்ம பிள்ளைதான்டா. அந்தப் பெரிய மீனு ஆப்டுச்சான்னு கேக்குது.”

சித்தப்பா ஏதோ சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் அப்பா போனுக்குத் திரும்பி, ஒரு வார்த்தை பிசகாமல் எனக்கு ஒப்பித்தார்.

“ஆத்தா, உங்க சித்தப்பன் சொல்லச் சொல்றான், இன்னும் உள்ளதான் கெடக்காம்.”